ரா எப்போ, ஜேபெக் எப்போ: சூரியகாந்தித் தோட்டத்துல இருந்து கசவு சேலை வரைக்கும்

ஆடி பிறந்தா போதும், தென்காசி பக்கம் சுந்தரபாண்டியபுரம் ரோட்டுல ரெண்டு பக்கமும் கேரளா நம்பர் வண்டியா நிக்கும். சூரியகாந்தி பூத்துருச்சுன்னு கேள்விப்பட்டு புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம்னு மலைக்கு அங்கிட்டு இருந்து குடும்பம் குடும்பமா வருவாங்க, கழுத்துல கேமரா மாட்டின பையங்களும் நிறைய. போன சீசன்ல புதுசா கேமரா வாங்கின தென்காசிக்காரத் தம்பி ஒருத்தன் என்கிட்ட வந்து திரையைக் காட்டுனான். "அண்ணாச்சி, பூவெல்லாம் மஞ்சப் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு, இதழ்ல ஒரு கோடு கூட தெரியல, லென்ஸ் கோளாறா?"ன்னு கேட்டான். லென்ஸ்ல ஒண்ணும் இல்ல. அவன் ஜேபெக்ல (JPEG, கேமராவே முடிச்சுக் குடுக்குற படம்) எடுத்துருந்தான். நான் அதே பூவை அதே வெயில்ல ராவுல (RAW, கேமரா இன்னும் கைவைக்காத ஃபைல்) எடுத்தேன், என் கேமரா திரையிலயும் அதே பெயின்ட் தான் தெரிஞ்சுது, ஆனா ராத்திரி கம்ப்யூட்டர்ல திறந்தப்ப இதழோட நரம்பு ஒவ்வொண்ணும் அப்படியே இருந்துச்சு. ஏன் அப்படின்னு அவனுக்கு அங்க வெயில்ல நின்னு முழுசா சொல்ல முடியல, அதான் இங்க உக்காந்து எழுதுறேன்.

நான் செங்கோட்டையில கல்யாண ஃபோட்டோ எடுக்குறவன். எங்க ஊரு திருவிதாங்கூர்ல இருந்து 1956 நவம்பர் 1ஆம் தேதி தான் தமிழ்நாட்டோட சேந்துச்சு, அதனால சொந்தபந்தம் இன்னும் ரெண்டு பக்கமும் இருக்கு, என் வேலையும் பாதி இங்க, பாதி ஆரியங்காவு தாண்டி கேரளாவுல. பட்டுச்சேலை கல்யாணமும் எடுப்பேன், கசவுச்சேலை (கேரளாவுல கட்டுற, ஜரிகை பார்டர் போட்ட சந்தன நிறச் சேலை) கல்யாணமும் எடுப்பேன். இந்த ரா, ஜேபெக் விஷயத்தை எனக்கு சொல்லிக்குடுத்ததே அந்தக் கசவு தான், அதைக் கீழ சொல்றேன்.

முதல்ல கேமராவுக்குள்ள என்ன நடக்குதுன்னு பாத்துருவோம்

சென்சாருக்கு கலர் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் விழுந்துச்சுன்னு மட்டும் தான் அதுக்குத் தெரியும். அதனால ஒவ்வொரு பிக்சல் மேலயும் ஒரு சின்ன கலர் கண்ணாடி வச்சிருப்பாங்க, நாலு பிக்சலுக்கு ரெண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம்னு. கோடாக் கம்பெனியில இருந்த பிரைஸ் பேயர்னு ஒருத்தர் 1975ல போட்ட கணக்கு இது, இன்னைக்கும் பெரும்பாலான கேமராவுல இதே தான் ஓடுது. 24 மெகாபிக்சல் கேமரான்னா 6000க்கு 4000, மொத்தம் 2.4 கோடி பிக்சல், ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு நம்பர். அந்த நம்பர் பட்டியல் தான் ரா ஃபைல். கூடவே எந்த ஐஎஸ்ஓ (சென்சார் சிக்னலை எவ்வளவு ஏத்துறதுங்கிற அளவு), எந்த ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையா தெரிய கலரைச் சரிபண்றது)னு ஒரு குறிப்பும், நீங்க உடனே திரையில பாக்குறதுக்கு ஒரு ஜேபெக் படமும் உள்ளயே ஒட்டியிருக்கும். அதாவது ரா ஃபைல்ங்கிறது இன்னும் படமே ஆகல.

ஜேபெக்ல வச்சு எடுத்தா கேமராவே அந்த நம்பரை எல்லாம் எடுத்து கலர் கூட்டி, ஒயிட் பேலன்ஸ் போட்டு, கான்ட்ராஸ்ட் (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம்) ஏத்தி, ஷார்ப் பண்ணி, நாய்ஸ் (பொடிப் பொடியா வர்ற புள்ளி) தேச்சு, கடைசியா சுருக்கி கார்டுல எழுதிரும். மிச்சம் இருந்த நம்பரை எல்லாம் அழிச்சிரும். இது எல்லாம் ஒரு செகண்டுக்குள்ள நடந்துரும், உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காது.

நான் வீட்டுல சொல்ற மாதிரி சொல்லணும்னா ரா மாவு, ஜேபெக் இட்லி. மாவு இருந்தா இட்லி ஊத்தலாம், தோசை சுடலாம், ரெண்டு நாள் கழிச்சு பணியாரம் கூட ஊத்தலாம். இட்லி வெந்துருச்சுன்னா அதை உதுத்து உப்புமா பண்ணலாம், திரும்ப தோசை ஆக்க முடியாது. ஆனா ஒண்ணு, பசியோட இருக்குறவன் முன்னாடி மாவுப் பாத்திரத்தை வச்சா அவன் என்ன பண்ணுவான், அவனுக்கு இட்லி தான் வேணும். அதனால எது ஒசத்திங்கிற சண்டையே வேண்டாம். எடுத்த பிறகு முடிவை மாத்த வேண்டிய தேவை வருமா வராதா, அது மட்டும் தான் கேள்வி.

ஜேபெக் எதை தூக்கிப் போடுது

ஜேபெக்கோட கணக்குக்கு அடிப்படை 1974ல வந்த ஒரு கட்டுரை, எழுதினது மூணு பேர், நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். நசீர் அகமது பெங்களூருல பிறந்தவர். பேரைப் பாத்தாலே நம்ம பக்கத்து ஆளுங்கன்னு தெரியும், உலகம் முழுக்க இன்னைக்கு அனுப்புற படத்துக்கெல்லாம் அவங்க கணக்கு தான் உள்ள ஓடுது, எனக்கு இதைத் தெரிஞ்சப்ப ரொம்பப் பெருமையா இருந்துச்சு. அதை வச்சு 1992ல ஜேபெக் தரமுறை வந்துச்சு. படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டமா பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் பெரிய மாற்றம் எவ்வளவு, பொடி மாற்றம் எவ்வளவுன்னு கணக்கு போட்டு, நம்ம கண்ணுக்கு சட்டுன்னு தெரியாத பொடியை எல்லாம் ரவுண்டு பண்ணி விட்டுரும். அதோட நம்ம கண்ணு வெளிச்ச வித்தியாசத்தைக் கவனிக்கிற அளவுக்கு கலர் வித்தியாசத்தைக் கவனிக்காது, அதனால கலரை மட்டும் பாதி அளவுல சேமிக்கிறதும் உண்டு.

அளவு எவ்வளவு குறையுதுன்னு பாருங்க. 24 மெகாபிக்சல் படம் சுருக்காம இருந்தா மூணு கலருக்கும் சேத்து 72 எம்பி வரும், நல்ல தரத்துல ஜேபெக் ஆக்கினா 10 எம்பி பக்கம். ரா ஃபைலு 14 பிட்ல சுருக்காம 42 எம்பி, தரம் குறையாம சுருக்கினா 25ல இருந்து 30 எம்பி.

பிட்டுன்னா என்னன்னு ஒருவாட்டி சொல்லிருதேன். ஜேபெக் 8 பிட், ஒரு கலருக்கு கருப்புல இருந்து வெள்ளை வரைக்கும் 256 படி. 14 பிட் ராவுல 16,384 படி. உடனே 64 மடங்கு நல்ல படம்னு நிறைய பேரு சொல்றாங்க, அது சரியில்ல. ஜேபெக் தன்னோட 256 படியையும் நம்ம கண்ணுக்கு ஏத்த மாதிரி பங்கு போட்டு வச்சிருக்கும், அதனால எடுத்த படத்தை அப்படியே பாக்குறப்ப ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இருட்டை வெளிச்சமாக்கும்போது, கலரை இழுக்கும்போது தான் அந்தப் படி எல்லாம் தேவைப்படும். 256 படியை இழுத்தா நடுவுல ஓட்டை விழும், வானம் எல்லாம் பட்டை பட்டையா தெரியும், நிழல்ல அந்த 8க்கு 8 கட்டம் வெளிய வந்துரும்.

கசவு காணாமப் போன கதை

தொழிலுக்கு வந்த புதுசு. புனலூர் பக்கம் ஒரு கல்யாணம், கோயில் முன்னாடி திறந்த வெளியில, காலையில பதினொரு மணி வெயில். கார்டு ரெண்டு தான் இருந்துச்சு, இடம் பத்தாதுன்னு ஜேபெக்ல வச்சுட்டேன். பொண்ணு பாலராமபுரத்துல தறிக்காரர்கிட்ட சொல்லி நெய்த கசவுச்சேலை கட்டியிருந்துச்சு. நிறபறை, தென்னம்பூக்குலை, நிலவிளக்கு எல்லாம் வச்சு மணமேடை அவ்வளவு அழகு. முகம் நிழல்ல இருந்துச்சு, நான் முகத்துக்கு வெளிச்சம் வச்சேன், சேலை மேல நேரா வெயில்.

ஆல்பத்துக்கு திறந்து பாத்தா சேலை இருந்த இடத்துல வெள்ளைக் காகிதம் ஒட்டுன மாதிரி இருக்கு. சந்தன நிறம் போச்சு, மடிப்பு போச்சு, ஜரிகை எங்க முடியுது துணி எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல. ஃபோட்டோஷாப்ல வெளிச்சத்தைக் குறைச்சேன், வெள்ளைக் காகிதம் சாம்பல் காகிதமா ஆச்சு, அவ்வளவு தான். ஏன்னா அந்த இடத்துல எல்லாப் பிக்சலும் 255, 255, 255னு ஒரே நம்பர் (0ல இருந்து எண்ணினா 255 தான் கடைசிப் படி, முழு வெள்ளை). அதை 230 ஆக்கினா எல்லாமே 230 ஆகும், மடிப்பு திரும்ப வராது. ஆல்பத்தைப் புரட்டிட்டு அந்தப் பொண்ணோட அம்மா என்னைப் பாத்து "மோனே, கசவு எவிடெ?" (மகனே, கசவு எங்க?)ன்னு மட்டும் கேட்டாங்க. திட்டல. ஆனா மாசக்கணக்கா காத்திருந்து வாங்குன சேலை, அதுக்கு நான் பதில் சொல்ல முடியல.

அன்னைக்கு ராவுல எடுத்துருந்தா முக்கால்வாசி காப்பாத்தியிருக்கலாம். கேமரா ஜேபெக் போடும்போது கான்ட்ராஸ்ட் ஏத்துறதால வெளிச்சமான பகுதியைச் சீக்கிரமே வெள்ளையில முட்ட விட்டுரும், ராவுல அதுக்கு மேல இன்னும் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் ரெண்டு மடங்காகுற ஒரு படி) பக்கம் விவரம் மிச்சம் இருக்கும், சில கேமராவுல கொஞ்சம் கூடவே. ஆனா இதை ஒரு அளவோட தான் நம்பணும். மூணு கலரும் சென்சார்லயே நிரம்பிருச்சுன்னா ராவுலயும் ஒண்ணும் இருக்காது. குடம் நிறைஞ்ச பிறகு எவ்வளவு தண்ணி வழிஞ்சுதுன்னு குடத்தைப் பாத்து சொல்ல முடியுமா, அந்த மாதிரி.

மஞ்சப் பூவுக்கு என்ன ஆச்சு

மஞ்சள்னா சிவப்பும் பச்சையும் நிறைய, நீலம் கிட்டத்தட்ட இல்ல. பகல் வெயில்ல பெரும்பாலான சென்சார்ல பச்சை தான் முதல்ல நிறையும், சிவப்பு பின்னாடி கிடக்கும். கேமரா ஒயிட் பேலன்ஸ் போடுறப்ப அந்தச் சிவப்பை ரெண்டு மடங்கு பக்கம் பெருக்கும், மேல கலரும் ஏத்தும், அந்த இடத்துல சிவப்பு 255ஐ முட்டிரும். ஒரு கலர் முட்டிருச்சுன்னாலே இதழ்ல இருந்த மெல்லிசான மேடுபள்ளம் தட்டையாயிரும், அதான் பெயின்ட் மாதிரி தெரிஞ்சுது. ராவுல இந்தப் பெருக்கல் இன்னும் நடக்கல, அசல் சிவப்பு நம்பர் நல்லாவே இருக்கு. அதனால கம்ப்யூட்டர்ல கலரைக் கொஞ்சம் இறக்கி, ஹைலைட்டையும் (வெளிச்சமான பகுதி) இறக்கினா நரம்பு வந்து நிக்குது. கல்யாணத்துல செம்பருத்திச் சிவப்புப் பட்டு, அரக்கு பார்டர், செவந்தி மாலை எல்லாத்துக்கும் இதே கதி தான்.

ஜேபெக்ல தான் எடுக்கணும்னா அந்தத் தம்பிக்கு சொன்னதையே சொல்றேன். பிக்சர் ஸ்டைலை (கேமரா ஜேபெக்குக்கு கலரும் கான்ட்ராஸ்ட்டும் போடுற செட்டிங்) பளிச்சுன்னு காட்டுற விவிட்ல இருந்து சாதுவான நியூட்ரலுக்கு மாத்துங்க, வெளிச்சத்தை ரெண்டு க்ளிக் குறைங்க, ஹிஸ்டோகிராம்ல (இடது இருட்டு, வலது வெளிச்சம்னு காட்டுற வரைபடம்) ஒத்தை வெள்ளைக் கோடை நம்பாதீங்க, சிவப்பு பச்சை நீலம் தனித்தனியா காட்டுறதை ஆன் பண்ணுங்க. வெள்ளைக் கோடு நடுவுல சமத்தா இருக்கும், சிவப்பு மட்டும் வலது சுவத்துல போய் முட்டி நிக்கும், பாத்தா தெரியும்.

கேமராவுல என்ன செட்டிங்

மெனுவுல இமேஜ் குவாலிட்டிக்குப் போங்க. அங்க ராவுக்கே ரெண்டு மூணு வகை இருக்கும், அன்கம்ப்ரஸ்டு, லாஸ்லெஸ் கம்ப்ரஸ்டு, வெறும் கம்ப்ரஸ்டுன்னு. லாஸ்லெஸ் கம்ப்ரஸ்டு இருந்தா கண்ணை மூடிட்டு அதை எடுங்க, ஒரு விவரமும் போகாது, இடமும் மிச்சம். அன்கம்ப்ரஸ்டு சும்மா இடத்தை அடைக்கும். வெறும் கம்ப்ரஸ்டுல கொஞ்சம் விவரம் போகும், சில பழைய மாடல்ல ராத்திரி லைட்டு ஓரத்துல புள்ளி புள்ளியா தெரிஞ்சதை நான் பாத்துருக்கேன், ஆனா பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது. 12 பிட், 14 பிட்னு கேட்டா 14. வேகமா தொடர்ந்து சுடுறப்ப சில கேமரா தானாவே 12க்கு இறங்கிரும், பயப்பட வேண்டாம்.

ஃபைலோட பின்பேரு கம்பெனிக்கு கம்பெனி மாறும். கேனான்னா சிஆர்2 இல்ல சிஆர்3, நிக்கான்னா என்இஎஃப், சோனின்னா ஏஆர்டபிள்யூ, ஃபூஜின்னா ஆர்ஏஎஃப். அடோபி 2004ல டிஎன்ஜின்னு பொதுவா ஒண்ணு கொண்டு வந்தாங்க, சில கம்பெனி அதையே நேரடியா போடுது. புது கேமரா வாங்கிட்டு பழைய லைட்ரூம்ல (ரா திறக்குற அடோபி மென்பொருள்) திறக்க மாட்டேங்குதுன்னா அடோபியோட டிஎன்ஜி கன்வெர்ட்டர் இலவசமா கிடைக்கும், அதுல போட்டு மாத்திட்டு திறக்கலாம்.

அடுத்து முக்கியமான ஒண்ணு. ராவுல எடுத்தாலும் கேமரா திரையில நீங்க பாக்குறது உள்ள ஒட்டியிருக்குற ஜேபெக்கைத் தான், ஹிஸ்டோகிராமும் அதுல இருந்து தான் வருது. பிக்சர் ஸ்டைல் விவிட்ல இருந்தா உண்மையில நல்லா இருக்குற ராவையும் வெள்ளை முட்டிருச்சுன்னு மினுக் மினுக்னு காட்டும், நீங்க பயந்து போய் இருட்டா எடுத்துருவீங்க. அதனால ரா எடுக்குறவங்க நியூட்ரல்ல வச்சு, கான்ட்ராஸ்ட்டையும் கொறச்சு வச்சுக்கிடுங்க. திரையில படம் டல்லா தான் தெரியும், கல்யாண வீட்டுக்காரங்க எட்டிப் பாத்து "என்ன தம்பி வெளுத்துப் போயிருக்கு"ம்பாங்க, அதுக்கு ஒரு பதில் தயாரா வச்சுக்கிடுங்க.

இருட்டா எடுத்துட்டு பிறகு ஏத்திக்கலாம்ங்கிற பழக்கம் வேண்டாம். 14 பிட்ல இருக்குற 16,384 படியில பாதி, அதாவது 8,192 படி, உச்சியில இருக்குற ஒரே ஒரு ஸ்டாப்புக்கு போயிரும். அடுத்த ஸ்டாப்புக்கு 4,096, அதுக்கு அடுத்து 2,048, இப்படி பாதி பாதியா குறைஞ்சுகிட்டே போகும், அடியில இருட்டுக்கு சில்லறை தான் மிஞ்சும். வெளிச்சமும் அங்க கம்மி, அதான் நாய்ஸும் அங்க தான் கூட. முட்டாம ஹிஸ்டோகிராமை எவ்வளவு வலது பக்கம் தள்ள முடியுமோ தள்ளி எடுங்க.

விதிவிலக்கு அருவி. சாரல் நேரத்துல குத்தாலம் மெயின் அருவிக்கு போனீங்கன்னா தண்ணி சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, பக்கத்துல ஈரப்பாறை கன்னங்கருப்பு. அங்க தண்ணிக்கு வெளிச்சம் வைங்க, பாறை இருண்டு கிடக்கட்டும். ராவுல பாறையை மேல தூக்கலாம், நாய்ஸ் கொஞ்சம் வந்தாலும் பாறைக்கு அது தெரியாது. ஜேபெக்ல அதே பாறையைத் தூக்கினா சொரசொரப்பு எல்லாம் போய் பச்சையும் ஊதாவுமா திட்டு திட்டா வரும்.

கம்ப்யூட்டர்ல திறந்த பிறகு

முதல்தடவை ராவைத் திறக்குறவங்க எல்லாரும் கேக்குறது, "லைட்ரூம்ல முதல்ல நல்லா பளிச்சுன்னு தெரிஞ்சுது, ஒரு செகண்ட்ல டல்லாயிருச்சு, ஃபைல் கெட்டுப்போச்சா?" கெட்டுப்போகல. முதல்ல தெரிஞ்சது உள்ள இருந்த ஜேபெக், பிறகு தெரிஞ்சது லைட்ரூம் தானா ஆக்குன படம். கேமரா போட்ட மசாலா அதுல இல்ல, நீங்க தான் போடணும். ப்ரொஃபைல்ங்கிற இடத்துல கேமரா கம்பெனியோட ஸ்டைலைத் தேர்ந்தெடுத்தா ஏறக்குறைய அந்தக் கலர் வந்துரும்.

காசு குடுக்க வேண்டாம்னா டார்க்டேபிள், ராதெரபி ரெண்டும் இலவசம், நல்லாவே வேலை செய்யும், பழக ஒரு மாசம் ஆகும். கேனான், நிக்கான், சோனி மூணு பேரும் சொந்தமா ஒரு மென்பொருளை இலவசமா குடுக்குறாங்க, ஆரம்பத்துல அதுவே போதும், கலரும் கேமராவுல பாத்த மாதிரியே வரும்.

ஒயிட் பேலன்ஸ்ல தான் ராவோட அருமை தெரியும். மண்டபத்துல மஞ்ச பல்பு, மேடையில எல்இடி, வீடியோக்காரர் லைட்டு வெள்ளை, ஜன்னல்ல பகல் வெளிச்சம், எல்லாம் ஒரே ஃப்ரேம்ல. ராவுல ஒயிட் பேலன்ஸ் வெறும் குறிப்பு தான், எத்தனை தடவை மாத்தினாலும் ஒரு நஷ்டமும் இல்ல. ஜேபெக்ல மஞ்ச வெளிச்சம் படத்துலயே ஊறிப்போயிருக்கும், நீல கலர் ஏற்கனவே நசுங்கிருக்கும், திரும்ப இழுத்தா முகம் காரை பூசுன மாதிரி ஆகும்.

பிக்கரை (இது தான் வெள்ளைன்னு தொட்டுக் காட்டுற டூல்) வச்சு வெள்ளையைத் தொடுறப்ப ஒண்ணு கவனிங்க. கசவுச்சேலையைத் தொடாதீங்க, அது வெள்ளை இல்ல, சந்தன நிறம், அதை வெள்ளைன்னு சொன்னீங்கன்னா படம் பூரா நீலமா போயிரும், பொண்ணு முகம் குளிர்ல வெறைச்ச மாதிரி ஆகும். மாப்பிள்ளையோட வேட்டியையும் தொடாதீங்க, நீலம் போட்டு வெளுத்த வேட்டி, அதைத் தொட்டா படம் மஞ்சளா சாயும். ரெண்டையும் நான் பண்ணிப் பாத்துருக்கேன். கிரே கார்டு (எந்த நிறமும் சாயாத சாம்பல் அட்டை) ஒண்ணு விலை ரொம்ப கம்மி, மேடையில லைட்டு மாறுறப்ப எல்லாம் ஒரு ஷாட் அதை வச்சு எடுத்துக்கிடுங்க, பிறகு அந்தப் படத்துல தொட்டு மிச்ச படத்துக்கெல்லாம் காப்பி பண்ணிரலாம்.

ஃபோகஸ் தப்புனது, கை ஆடுனது, கண்ணு மூடுனது இதையெல்லாம் ரா சரி பண்ணாது. இதைச் சொல்லக் காரணம், ரா தானேன்னு மெத்தனமா எடுக்குற பழக்கம் சிலருக்கு வந்துருது.

ஜேபெக் போதும்ங்கிற இடம்

பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ. ஸ்டுடியோவுல லைட்டு மாறாது, ஒருதடவை ஒயிட் பேலன்ஸ் செட் பண்ணா போதும், கடைசியில ஆன்லைன் விண்ணப்பத்துல இத்தனை கேபிக்குள்ளன்னு கேப்பாங்க, அதுக்கு ரா எதுக்கு. பள்ளிக்கூட குரூப் ஃபோட்டோ, அதே மாதிரி. கபடி மேட்ச், ஜல்லிக்கட்டு மாதிரி நிறுத்தாம சுடுற இடத்துல ராவுக்கு கேமராவோட பஃபர் (கார்டுல ஏறுறதுக்கு முன்னாடி படம் காத்திருக்குற இடம்) சீக்கிரம் நிரம்பிரும், நல்ல பிடி விழுற நேரம் பாத்து கேமரா மூச்சு வாங்கும், அங்க ஜேபெக்கை வச்சு எடுங்க. அன்னைக்கே பத்திரிகைக்கு அனுப்பணும், வரவேற்பு முடியுறதுக்குள்ள திரையில போட்டுக் காட்டணும்னாலும் ஜேபெக் தான்.

முடிவு பண்ண முடியலன்னா ரெண்டையும் சேத்து வைங்க. ரெண்டு கார்டு போடுற கேமரான்னா ஒண்ணுல ரா, இன்னொண்ணுல ஜேபெக். புதுசா கத்துக்கிடுறவங்களுக்கு இதை நான் கண்டிப்பா சொல்லுவேன், ஏன்னா கேமரா போட்ட ஜேபெக்கையும் நீங்க ராவுல இருந்து ஆக்குனதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா தான் கை பழகும். ஆரம்பத்துல கேமரா போட்டது தான் நல்லா இருக்கும், அது சகஜம்.

"ரா ஃபைல் குடுங்க"ன்னு கேட்டா

கல்யாண வீட்டுல இந்த வார்த்தையால நிறைய சண்டை வருது. அந்த வீட்டுக்காரங்க "ரா"ன்னு சொல்றது நம்ம சொல்ற ரா இல்ல. எடிட் பண்ணாத எல்லா ஃபோட்டோவையும் தான் அவங்க அப்படி சொல்றாங்க. நீங்க சிஆர்3 ஃபைலா பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தா வீட்டுல டிவியில சொருகிப் பாத்துட்டு ஒண்ணுமே திறக்கலன்னு ஃபோன் வரும், ஏமாத்திட்டான்னு கூட நினைப்பாங்க. அதனால முன்பணம் வாங்குறப்பவே கேட்டுருங்க, "சேச்சி, எடுத்த ஃபோட்டோ எல்லாம் வேணுமா, இல்ல கேமரா ஃபைலே வேணுமா"ன்னு. நான் எல்லாத்தையும் ஜேபெக்கா மாத்தி ஒரு ஃபோல்டர்ல போட்டுக் குடுத்துருவேன்.

ஏற்றுமதி, அனுப்புறது, சேமிக்கிறது

ஆல்பத்துக்கு 12×36 ஷீட்னா 300 டிபிஐயில 3600க்கு 10800 பிக்சல். உங்க படம் 6000 தான் நீளம், ஒரே படத்தை முழு ஷீட்டுக்கு விரிச்சா இஞ்சுக்கு 167 பிக்சல் பக்கம் வரும், பாக்குறதுக்கு பரவாயில்ல, ஆனா அந்தப் படத்தை மேலயும் வெட்டிராதீங்க. கலர் அளவுமுறையை எஸ்ஆர்ஜிபில (sRGB) வைங்க, அடோபி ஆர்ஜிபில குடுத்தா அதைக் கவனிக்காத பிரஸ்ல செவப்பு எல்லாம் செத்துப்போய் வரும். தரம் 85ல இருந்து 90 போதும், 100ல வச்சா ஃபைல் வீங்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஃபோட்டோஷாப்ல தோல் வேலை, பின்னணி வேலைன்னு நிறைய இருந்தா நடுவுல 16 பிட் டிஃப்ல (TIFF, திரும்பத் திரும்ப சேமிச்சாலும் தரம் குறையாத ஃபைல்) சேமிச்சு வேலை பாருங்க, ஜேபெக் கடைசியில ஒரே ஒருவாட்டி.

ஏன் ஒருவாட்டின்னா, ஜேபெக்கை ஒவ்வொரு தடவை திருத்தி சேமிக்கிறப்பவும் திரும்ப சுருக்கும், திரும்பக் கொஞ்சம் போகும். சும்மா திறந்து பாத்தா, காப்பி பண்ணா ஒண்ணும் போகாது, அந்தப் பயம் வேண்டாம். நீங்களே சோதிச்சுப் பாருங்க. செங்கோட்டை பஸ் ஸ்டாண்டுல கேரளா பஸ் செவப்பா நிக்கும், அதோட எழுத்தை ஒரு படம் எடுத்து, ஒவ்வொருவாட்டியும் ஓரத்துல கொஞ்சம் வெட்டி சேமிங்க, பத்து தடவை. பிறகு எழுத்தைப் பெருசாக்கி பாத்தா செவப்பு ஓரம் எல்லாம் ஊறின அட்டை மாதிரி பிசுபிசுன்னு பரவியிருக்கும். கலரைப் பாதி அளவுல சேமிக்குதுன்னு சொன்னேன்ல, அது இங்க தான் முதல்ல தெரியும்.

வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா அளவையும் குறைச்சு தரத்தையும் குறைச்சுரும். ஆல்பத்துக்கு படம் வாங்குறப்ப டாக்குமென்ட்டா அனுப்ப சொல்லுங்க, அப்போ ஃபைல் மாறாது.

ஃபோன்ல ப்ரோ மோடு வச்சா டிஎன்ஜி கிடைக்கும். அதைத் திறந்து பாத்து ஜேபெக்கை விட மோசமா நாய்ஸா இருக்கேன்னு நிறைய பேரு திகைக்கிறாங்க. ஃபோன் ஜேபெக் போடுறப்ப பல படத்தை எடுத்து ஒண்ணா சேக்குது, சாதாரண டிஎன்ஜில அந்த சேர்க்கை இருக்காது, அதனால ஃபோன்ல நான் பெரும்பாலும் ஜேபெக் தான். ஐஃபோன்ல 2020ல வந்த ப்ரோரா மட்டும் வேற ரகம், அது சேத்த பிறகு சேமிக்கும். ஐஃபோன்காரங்க அனுப்புற எச்இஐசி ஃபைல் பழைய கம்ப்யூட்டர்ல திறக்காது, கேமரா செட்டிங்ல ஃபார்மட்ஸ்க்கு போய் மோஸ்ட் கம்பாட்டிபிள்னு வைக்க சொல்லுங்க.

கடைசியா இடம். ஒரு கல்யாணத்துக்கு 3,000 ஷாட்னு வச்சா 28 எம்பி வீதம் 84 ஜிபி, ஜேபெக்ல 30 ஜிபி. 64 ஜிபி கார்டுல ரா ரெண்டாயிரத்துக்கு கொஞ்சம் மேல தான் கொள்ளும், கணக்கு பண்ணி கார்டு வாங்குங்க. எடிட் பண்ண குறிப்பு பெரும்பாலும் ராவுக்குள்ள எழுதாது, எக்ஸ்எம்பின்னு பக்கத்துல ஒரு சின்ன ஃபைலா போடும், இல்லன்னா லைட்ரூமோட கேட்டலாக்ல இருக்கும், ராவை மட்டும் வேற டிஸ்க்குக்கு மாத்திட்டு அதை விட்டுட்டீங்கன்னா ரெண்டு நாள் வேலை போச்சு. ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல காப்பி ஏறி, ரெண்டுலயும் பத்துப் படமாவது திறந்து பாத்த பிறகு தான் கார்டை ஃபார்மட் பண்ணணும், அதுவும் கம்ப்யூட்டர்ல வேண்டாம், எந்தக் கேமராவுல எடுக்கப் போறீங்களோ அதுலயே பண்ணுங்க.